நாற்பத்தேழு ஆட்டம்

பானைக்குள் கையை விடும் முன், வெள்ளைக் கட்டையை எல்லோருக்கும் தெரியும்படி தூக்கிக் காட்டினேன். மற்ற பத்துப் பேரும் கை தட்டினார்கள். கபடிக்காரர்கள் எனக்காகக் கை தட்டியது அதுதான் முதல்முறை.

எங்கள் கழகத்தில் ஓட்டுச் சீட்டு கிடையாது. விருத்தாசலத்தில் காகிதத்தைத் தேட வேண்டும், பீங்கான் காலில் இடறும். அதனால் ஆளுக்கு இரண்டு பீஸ் கட்டை, கரண்டு ஃபியூஸுக்கு வைக்கிற பீங்கான் துண்டு. வெள்ளை என்றால் சரி, பழுப்பு என்றால் வேண்டாம். இரண்டையும் பொத்திக்கொண்டு, வாயில் துணி கட்டிய பானைக்குள் கையை விட்டு, ஒன்றைப் போட்டுவிட வேண்டும். மற்றது அவரவர் சட்டைப் பைக்கு.

ஓட்டு, புகழ்ச்சுவர் விதியை மாற்றுவதற்கு. நல்ல ஆட்டக்காரர்களின் முகத்தைப் பீங்கான் தட்டில் வரைந்து, சூளையில் சுட்டு, கழகச் சுவரில் பதிப்பார்கள். அதற்கு ஐம்பது ஆட்டம் ஆடியிருக்க வேண்டும். என் மனைவி சிவசங்கரி ஆடியது நாற்பத்தேழு. நாற்பத்தெட்டாவதுக்கு மூன்று நாள் இருக்கும்போது காய்ச்சல். அவ்வளவுதான். பத்து மாதம் ஆகிறது.

நாலு வருஷத்துக்கு முன்பு ஆண்களுக்கு ஐம்பது, பெண்களுக்கு முப்பது என்றுதான் முதலில் பேசினார்கள். பெண்கள் அணிக் கேப்டனாக இருந்த சிவசங்கரி எழுந்து, "எங்களுக்கு மட்டும் என்னா அரை டிக்கெட்டா?" என்று கேட்டாள். பேனாவை வாங்கி, மினிட் நோட்டில் எல்லோருக்கும் ஐம்பது என்று அவளே எழுதினாள்.

இப்போது அதைப் பெண்களுக்கு நாற்பது என்று திருத்தக் கிளம்பியவன் நான். எம்.காம். படித்தவன் என்பதால் கழகச் செயலாளர். ஆட்டக்காரன் என்பதால் அல்ல. எங்கள் வீட்டில் அவள் நாற்பத்தேழு ஆட்டம், நான் ஒன்று. சராசரி இருபத்து நான்கு.

அந்த ஒன்றும் திட்டக்குடியில் ஒருவனுக்கு வயிற்றுப்போக்கு என்பதால் கிடைத்தது. பாடிக்கொண்டு போனேன். யாரும் தொடவில்லை, நானே பக்கக் கோட்டை மிதித்து அவுட். மைக்கில் என் பெயரைக்கூடச் சொல்லவில்லை. "சிவசங்கரி வூட்டுக்காரர் வெளியேறுகிறார்" என்றார்கள்.

மூன்று மாதம் வீடு வீடாகப் போய் ஆதரவு கேட்டேன். விதியை மாற்ற வேண்டுமென்றால் ஒரு பழுப்புக்கூட விழக் கூடாது. மனைவி இறந்தவன் வாசலில் வந்து நின்றால் யாரும் முடியாது என்பதில்லை. டீ கொடுத்து, என் முகத்தைப் பார்க்காமல், "பாவம், போட்டுடுறேன் தம்பி" என்றார்கள். ரெஃப்ரி மாயவன் மட்டும் முரண்டு பிடித்தார். போன வாரம் அவரும், "சரி போ, பாவம்" என்றுவிட்டார்.

இன்று காலை தலைவர் கலியமூர்த்தி அண்ணன் அவளுடைய தட்டையே கொண்டுவந்துவிட்டார். சூளை அவருடையது. "மாசத்துக்கு ஒரு வாட்டிதான் எரிக்கிறோம். ஓட்டு எப்புடியும் விழுந்துடும்னு முன்னாடியே வெச்சுட்டேன்" என்று தினசரித் தாளைப் பிரித்துக் காட்டினார். மூக்கு கொஞ்சம் கோணல். மற்றபடி அவள்தான்.

நான் கடைசி ஆள். போட்டுவிட்டு உட்கார்ந்தேன். அண்ணன் பானையைச் சாக்கின் மேல் கவிழ்த்து எண்ணினார்.

"ஒம்போது... பத்து..."

பதினோராவது உருண்டுபோய் மேசைக் காலில் முட்டி நின்றது. பழுப்பு.

"எவன்டா அது?" அண்ணன் அதைக் குனிந்து எடுத்தார். "அந்தப் புள்ள மூஞ்சியக் கொண்டுபோயி நான் எங்க வெக்கிறது?"

எல்லோரும் மாயவனைப் பார்த்தார்கள்.

"ஏய், என்னைய எதுக்குப் பாக்குறீங்க? நான் வெள்ளைதான் போட்டேன்!"

"நீதான மாமா மூணு மாசமா விதி விதின்னு குதிச்ச?" என்றான் ஆட்டக்காரன் காத்தவராயன்.

"குதிச்சேன். அப்பறம் சொன்ன வாக்கு வாக்குதான? இப்பவே போயி கொளஞ்சியப்பருக்குப் பிராது கட்டுறேன். எவன் போட்டானோ அவன் நல்லா இருக்க மாட்டான்!"

அந்தச் சாபத்துக்கு நான் புதிதாகப் பயப்பட ஒன்றுமில்லை. ஆனால் மாயவனுக்குக் கண் கலங்கிவிட்டது.

"சாமிய எதுக்கு இழுக்குற?" என்றார் அண்ணன். "எல்லாரும் சட்டப் பையக் காட்டுங்க. எவன் பையில வெள்ளை இருக்குதோ, அவன் இனிமே இந்த வாசப்படி மிதிக்கக் கூடாது."

மாயவன் தன் பழுப்பை மேசையில் அறைந்தார். காத்தவராயன் வைத்தான். வரிசையாக மற்றவர்களும் வைத்தார்கள். எல்லாம் பழுப்பு.

நான் பைக்குள் கையை விட்டேன்.

"ஒன்னை யாரு தம்பி கேட்டா?" என்றார் அண்ணன். "ஒம் பொண்டாட்டிக்குத்தான இவ்ளோவும்."

எடுத்து, தட்டுக்குப் பக்கத்தில் வைத்தேன். வெள்ளை.

அண்ணன் என்னைப் பார்த்தார். திறந்திருந்த மினிட் நோட்டில் அவள் எழுதிய ஐம்பதை நான் பார்த்தேன்.

"அரை டிக்கெட்டுன்னா அவ ஏற மாட்டாண்ணே."