மேசையின் தலைப்பக்கம்

“தலைப்பக்கம் மயிலம்மா கட்டட்டும். மாக்ரெட், நீ வாசல் பக்கத்தில இருந்து கட்டிக்கொண்டு வா.”

சொல்லிவிட்டு டாக்டர் சவுந்தரநாயகத்தின் மனைவி உள்ளே போய்விட்டாள். மாக்ரெட் கையிலிருந்த பேர்ண் என்னும் அலங்கார இலைக் கட்டைப் பிரிக்காமல் அப்படியே நின்றாள்.

வெள்ளவத்தையில் கடலைப் பார்த்த வீடு. மறுநாள் அந்த வீட்டு மகளுக்குக் கலியாணம். நீள மேசையின் நடுவே, ஒரு முனையிலிருந்து மறுமுனை வரை, இலையும் வெள்ளை ரோசாவும் சேர்ந்த ஒரே மாலை கிடக்க வேண்டும். இரண்டு பேர் இரு முனையில் தொடங்கி நடுவில் சந்திப்பார்கள். சந்திக்கும் இடத்தை ஒரு பூங்கொத்து மறைத்துவிடும். தலைப்பக்கத்தில் பொம்பிளையும் மாப்பிள்ளையும் இருப்பார்கள். வருகிறவர்களின் கண்ணெல்லாம் அங்கேதான் விழும்.

கொட்டாஞ்சேனையில் மாக்ரெட் கட்டாத கலியாண மேசை இல்லை. மடத்துக் கன்னியாஸ்திரிகளிடம் பழகிய கை. மயிலம்மாவோ கோயில் வாசலில் பூ விற்றுக்கொண்டிருந்தவள். துணைக்கு ஆள் வேண்டுமென்று மாக்ரெட்தான் கூட்டிவந்தாள். பக்கத்தில் இருந்து பார்த்துப் பார்த்தே மயிலம்மா வேலையைப் பிடித்துக்கொண்டாள்.

தலைப்பக்கம் போனதோடு முடிகிற காரியமும் அல்ல. அடுத்த மாதம் மன்னரின் முடிசூட்டுக்குச் சீமாட்டிகளின் கிளப்பில் பெரிய விருந்து. மேசை வேலைக்கு ஒருத்தியைத்தான் எடுப்பேன், அது யாரென்று இந்தக் கலியாணத்தில் பார்த்து முடிவு செய்வேன் என்று டாக்டரம்மா சொல்லியிருந்தாள்.

அன்று முழுவதும் மாக்ரெட் வாய் திறக்கவில்லை. மயிலம்மா இரண்டொரு தரம் பேச்சுக் கொடுத்தாள். மாமியாரின் குறட்டையைப் பற்றிச் சொல்லித் தானே சிரித்து, தானே நிறுத்திக்கொண்டாள். பிறகு கடல் இரைச்சலும், வாழைநாரைப் பல்லால் கடித்து இழுக்கும் சத்தமும்தான். அப்படிக் கடித்து இழுப்பதுகூடத் தன்னுடைய பழக்கம் என்று மாக்ரெட்டுக்குத் திடீரென்று உறைத்தது.

வேலை முடிந்தது. ரயிலுக்கு நேரமாகிறது என்று முகத்தைப் பார்க்காமல் சொல்லிவிட்டு அவள் முதலில் புறப்பட்டாள். தண்ணீர் தெளித்து ஈரத்துணி போர்த்தும் வேலையை மயிலம்மாவிடமே விட்டுவிட்டாள்.

மறுநாள் காலை வீட்டார் எல்லாரும் தேவாலயத்துக்குப் போயிருந்தார்கள். மயிலம்மா இன்னும் வந்து சேரவில்லை. மாக்ரெட் ஈரத்துணியை எடுத்தாள். மாலையைப் பாய் சுருட்டுவதுபோல் ஒரு முனையிலிருந்து சுருட்டி, முனை மாற்றித் திருப்பி விரித்தாள். வாசல் பக்கம் கிடந்த முனை தலைப்பக்கம் வந்தது. நடுக் கொத்தைச் சரிசெய்து, ஈரத்துணியை மடித்து வைத்தாள்.

விருந்துக்குச் சற்று முன் டாக்டரம்மா வந்தாள். தலைப்பக்கத்தில் குனிந்து, ஒரு ரோசாவை விரல் நுனியால் தொட்டபடி கொஞ்ச நேரம் நின்றாள்.

“இது ஆர் கட்டினது?”

மாக்ரெட் வாயெடுக்குமுன் மயிலம்மா முந்திக்கொண்டாள். “அக்கா கட்டினதும்மா.”

மாக்ரெட்டுக்குத் திக்கென்றது. இவள் எதையாவது கண்டுவிட்டாளோ?

“அப்ப கிளப்புக்கு நீயே வா, மாக்ரெட்” என்றாள் டாக்டரம்மா. “பார், காத்தில தன்பாட்டில கிடக்கிற மாதிரி இருக்கு. மற்றப் பக்கம் கொஞ்சம் இறுகிப் போச்சு.”

“அது புதுக் கைதானேம்மா” என்றாள் மாக்ரெட். “போகப் போகத் திருந்தும்.”

மயிலம்மா தலையைக் குனிந்துகொண்டாள். டாக்டரம்மா விருந்தாளிகளை எதிர்கொள்ளப் போனாள்.

“நான் கட்டினது எண்டு ஏன் சொன்னனி?” என்று மாக்ரெட் மெல்லக் கேட்டாள்.

“உங்களோடதுதானேக்கா. நேத்து முகத்தைத் தூக்கி வச்சுக்கிட்டே போனீங்க. எனக்கு மனசு கேக்கல. நீங்க ரயிலுக்குப் போனதும், உங்க பக்கம் பொண்ணு மாப்பிள்ளை முன்னால வரட்டும்னு மாலையை நான்தான் திருப்பி வச்சேன்.”

மாக்ரெட் தான் கட்டி, காலையில் தன் கையாலேயே வாசல் பக்கம் கொண்டுபோய் விட்ட முனையை, சற்று முன் தன் வாயாலேயே புதுக் கை என்று சொன்ன முனையை, பார்த்துக்கொண்டே நின்றாள்.