குவளைத் தண்ணீர்

ஓவிய வகுப்பே வேண்டாமென்று பள்ளிக்கூடம் ஆசிரியை அமலோற்பவத்தை வீட்டுக்கு அனுப்பிய பிறகு, மொட்டைமாடிப் பூசணிக்கொடிதான் அவளுக்கு மிச்சம். அத்தனை உயரத்துக்கு வண்டு வருவதில்லை. அதனால் தினமும் விடிந்ததும் ஆண்பூவின் மகரந்தத் தூளைத் தூரிகையால் தொட்டுப் பெண்பூவில் அவளே தடவுவாள். தடவிய ஆறு பிஞ்சும் வெம்பி விழுந்தன. கொடி காய்ந்துகொண்டிருந்தது. இன்று பூத்தது ஒரு ஆண்பூ, ஒரு பெண்பூ. இனி மொட்டு இல்லை.

“ஒண்ணே ஒண்ணு போதும், ஆண்டவரே” என்று முணுமுணுத்தபடி ஆண்பூவைச் சுரண்டிச் சுரண்டி எடுத்தாள். தூரிகையைக் குவளைத் தண்ணீரில் அலசினாள். பெண்பூவின் பக்கம் திரும்பினாள்.

துணி காயப்போட வந்த கணவர் சந்தியாகு கேட்டார்: “நடுவுல எதுக்கு அமலி கழுவுற?”

“ஒரு கலர்லேருந்து இன்னொரு கலருக்குப் போறப்ப கழுவாம…”

இருபத்திரண்டு வருடம் பிள்ளைகளுக்குச் சொன்ன வாக்கியம் பாதியில் நின்றது. ஆண்பூவில் இனி ஒரு பொட்டுத் தூள் இல்லை. வெயில் ஏற ஏற, பெண்பூ இதழ்களைக் குவிக்கத் தொடங்கியது. குவளையில் மஞ்சள் மிதந்தது. அவள் மண்டியிட்டு, அந்தத் தண்ணீரில் தூரிகையைத் தோய்த்தாள்.