இரண்டாவது தெய்வத்திரு

செத்துப்போனவர் கடைக்குள் வந்து, ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.

"நான்தாம்மா காசி. பொண்ணோட அப்பா" என்று சொல்லி, கல்யாணப் பத்திரிகை ஒன்றை அம்பிகாவின் கீபோர்டு மேல் விரித்து வைத்தார். அவர் விரல் வைத்த இடத்தில் 'தெய்வத்திரு காசி – கெங்கம்மாள்' என்று சிவப்பு எழுத்தில் இருந்தது.

அம்பிகா அதை இரண்டு தரம் படித்தாள். ஆம்பூர் பஸ் ஸ்டாண்டுக்கு எதிரே இருக்கும் அந்த டிடிபி கடையில் அவள் வேலைக்குச் சேர்ந்து நாற்பது நாள்தான் ஆகிறது. மனுஷன் கத்தித் தீர்த்திருந்தாலாவது பரவாயில்லை. "தோஸ்த் வீட்ல பாத்தேன். படிச்சிட்டு அவன் என்னைத் தொட்டுத் தொட்டுப் பாக்குறான்" என்று மெதுவாகத்தான் சொன்னார்.

தப்பு எங்கே நடந்தது என்று அவளுக்கு உடனே புரிந்துவிட்டது. பத்திரிகையில் ஒவ்வொரு பெயரும், பெயருக்கு முன்னால் வரும் பட்டமும் தனித்தனி டெக்ஸ்ட் பாக்ஸ். ஷிஃப்ட்டை அழுத்திக்கொண்டு ஒவ்வொன்றாகக் கிளிக் செய்து, எல்லாவற்றையும் சேர்த்துப் பிடித்து ஒரே வரிசையில் நிறுத்த வேண்டும். அவசரத்தில் விரல் கன்ட்ரோலுக்குப் போய், மவுஸும் இழுபட்டால் போச்சு. பாக்ஸ் நகராது, அச்சு அசலாக இன்னொன்று முளைக்கும்.

மாப்பிள்ளையின் தாத்தா நிஜமாகவே இறந்தவர். அவர் பெயருக்கு முன்னால் இருந்த 'தெய்வத்திரு' குட்டி போட்டு, பெண்ணின் அப்பா தலையில் வந்து உட்கார்ந்திருக்கிறது.

இது முதல் தடவையும் இல்லை. போன வாரம் ஒரு பிரியாணிக் கடை நோட்டீஸில் 'அனைவரும் வருக' மூன்று இடத்தில் விழுந்திருந்தது. கூட்டம் ஜாஸ்தி வந்தால் நல்லதுதானே என்று முதலாளி முஸம்மில் பாய் சிரித்துவிட்டார். இதற்கு யார் சிரிப்பார்கள்?

முகூர்த்த மாதத்தில் ஒரு நாளைக்கு இருபது பத்திரிகை வருகிறது, எதில் என்ன இருந்தது என்று யாருக்கு ஞாபகம்? எழுதிக் கொடுத்த தாளையும் கெங்கம்மாள் திருப்பி வாங்கிப் போய்விட்டாள். ஷூ கம்பெனியில் ஷிஃப்ட் முடித்து நேராக வந்தவள், மாதிரியை விரல் வைத்துப் படித்து, ஒரு சித்தப்பாவின் இனிஷியல் விட்டுப்போனதைக்கூடச் சொன்னாள். அப்படிப்பட்டவள் கண்ணுக்கும் இது தப்பிவிட்டது, பாவம்.

இருநூறு பத்திரிகை ஏற்கெனவே வீடு வீடாகப் போய்விட்டது. உயிரோடு இருக்கிற அப்பாவைக் கொன்று, நாலு மூலையிலும் மஞ்சள் தடவி ஊருக்குக் கொடுக்க வைத்துவிட்டோமே என்று அம்பிகாவை வெட்கம் பிடுங்கித் தின்றது. நிமிர்ந்து அவர் முகத்தைப் பார்க்க முடியவில்லை.

"மன்னிச்சிடுங்க ஐயா. எல்லாத்தையும் என் செலவுல மாத்தி அடிச்சுத் தர்றேன்."

அந்த ஒரு வார்த்தையை எடுத்தால் போதும் என்றார் அவர். பத்திரிகையை மடிக்கப் போனவர், மாப்பிள்ளையின் பெயரில் விரலை நிறுத்தினார். "பையன் இன்னா வேலை பண்றான், உனக்கு எதனா தெரியுமா?"

தெரியாது என்று தலையாட்டிவிட்டு அம்பிகா ஃபைலைத் திறந்தாள். காசிக்கு முன்னால் இருந்த பாக்ஸைக் கிளிக் செய்து அழித்தாள். மிச்சப் பெயர்களை ஷிஃப்ட் பிடித்து ஒவ்வொன்றாகத் தேர்ந்தெடுத்தாள். இந்தத் தடவை தன் இடது கையைத் திருட்டுப் பூனையைப் பார்ப்பதுபோல் பார்த்துக்கொண்டே செய்தாள். வரிசை சரியாக வந்தது. காசி எட்டிப் பார்த்து, திரையில் இருந்த தன் பெயரை ஒரு தரம் வாய்விட்டுப் படித்தார்.

அந்த நேரம் பார்த்து, மீதிப் பத்திரிகையை வாங்கிப்போக கெங்கம்மாள் வந்தாள். கம்பெனி கோட்டைக்கூடக் கழற்றவில்லை. அவளைக் கண்டதும் காசி எழுந்து நின்று, பத்திரிகையைச் சட்டைப் பைக்குள் திணித்தார்.

அம்பிகா அழுதேவிட்டாள். கன்ட்ரோல் பட்டனிலிருந்து பிரியாணிக் கடை வரைக்கும் எல்லாவற்றையும் ஒப்பித்தாள். "உங்க வீட்டுக்காரர சாவடிச்சிட்டேன்க்கா. இப்ப எடுத்துட்டேன், பாருங்க" என்று திரையைத் திருப்பிக் காட்டினாள்.

கெங்கம்மாள் திரையைப் பார்த்தாள். பிறகு காசியை, தையல் பிரிந்த ஷூவைப் பார்ப்பதுபோல் மேலிருந்து கீழ்வரை பார்த்தாள். அவர் தலை தானாகக் குனிந்தது.

"எம்பொண்ணு பாரதிக்கு அஞ்சு வயசு இருக்கச்சொல்ல வீட்ட வுட்டுப் போனவரு" என்று பொதுவாகச் சொல்லிவிட்டு, அம்பிகாவின் பக்கம் திரும்பினாள்.

"அத திரும்ப வச்சிடும்மா. எழுதிக் குடுத்ததே நான்தான்."