பாலத்துக்கு அந்தப் பக்கம்

“தரையைப் பார்த்துப் பேசாத. தயங்காமச் சொல்லு,” என்றான் கிளைட். கல்லூரி வாசலில் காரை நிறுத்திய பிறகும் மனைவிக்குப் பாடம் எடுப்பதை அவன் நிறுத்தவில்லை.

லோர்னா தலையாட்டினாள். பின்சீட்டில் மகள் டெஸ்ஸா ஜன்னல் பக்கம் திரும்பி உட்கார்ந்திருந்தாள்.

யோசனை கிளைட்டுடையதுதான். அவர்கள் வீடு பென்சில்வேனியாவில், ஈஸ்டனில். ஆற்றைத் தாண்டினால் நியூ ஜெர்சி. அந்த மாநிலத்துப் பிள்ளைகளுக்கு அங்கே அரசுக் கல்லூரியில் கட்டணம் பாதிதான். அம்மாவும் மகளும் பாலத்துக்கு அந்தப் பக்கம் ஒரு வருஷம் வாடகைக்கு இருந்தால் போதும் என்றான். ஆனால் படிப்புக்காக மட்டும் வந்தவர்கள் என்று தெரிந்தால் சலுகை கிடையாது. நிரந்தரமாகத் தங்கத்தான் வந்தோம் என்று நம்ப வைக்க வேண்டும்.

லோர்னா அங்கே ஒரு பேக்கரியில் வேலை தேடிக்கொண்டாள். ஞாயிற்றுக்கிழமைகளில் ஈஸ்டனுக்கு வருவது குறைந்தது. ஏன் என்று கிளைட் கேட்டதில்லை. நாயையும் தையல் மெஷினையும்கூடக் கொண்டுபோனாள். “யாராவது வந்து பார்த்தா நம்பணும்ல,” என்றாள். அவள் சாமர்த்தியத்தை அவன் வேலையிடத்தில் சொல்லிச் சொல்லிச் சிரித்தான்.

கல்லூரிக்குள் போன அம்மாவையும் மகளையும் உட்காரவைத்து, அதிகாரி அம்மாள் வேலை, வீடு, ஓட்டுப் பதிவு எல்லாவற்றையும் விசாரித்தாள். கடைசியாக, “மகள் படிப்பு முடிஞ்சப்புறம் நீங்க எங்க இருப்பீங்க?” என்று கேட்டாள்.

“இங்கதான்.”

குரல் நடுங்கும் என்று லோர்னா நினைத்திருந்தாள். நடுங்கவில்லை. பயமும் இல்லை, சந்தோஷமும் இல்லை. பல் டாக்டர் ஊசி போட்ட தாடை மாதிரி எல்லாம் மரத்திருந்தது.

டெஸ்ஸா மாநிலத்து மாணவியாகவே சேரலாம் என்று அதிகாரி அம்மாள் கை கொடுத்தாள்.

காருக்கு வந்து டெஸ்ஸா நடந்ததைச் சொன்னதும் கிளைட் ஸ்டீயரிங்கைத் தட்டிச் சிரித்தான். “அப்படியே சொன்னியா! நீ நடிகையாப் போயிருக்கலாம்.”

சனிக்கிழமைக்குத் தம்பியின் ட்ரக்கைக் கேட்டு வைத்திருப்பதாகச் சொன்னான். சாமான்களை ஒரே நடையில் வீட்டுக்குக் கொண்டுபோய்விடலாம், விலாசத்துக்கு மட்டும் அந்த வாடகை வீடு இருக்கட்டும் என்றான்.

டெஸ்ஸா பின்னாலிருந்து அம்மாவின் தோளில் கை வைத்தாள்.

“ட்ரக் வேண்டாம், கிளைட்,” என்றாள் லோர்னா. “உள்ள நான் பொய் சொல்லல.”