கப்பல் திரும்பிய காலை

“கப்பல் யூ டர்ன் அடிக்குது!” என்றார் பஸ் டிரைவர்.

எதிரில் ரொட்டியை மென்றுகொண்டிருந்த தொப்பிக்காரர் சிரித்தார். “பதினாறு மாடிக் கப்பல் சார். உங்க பஸ்ஸா, நினைச்ச இடத்துல ஒடிக்க?”

“வெயிலைப் பாருங்க. இப்பதான் என் தட்டுல இருந்துச்சு, இப்ப உங்க தட்டுக்கு வந்துடுச்சு. முப்பத்தோரு வருஷம் ஸ்டியரிங் பிடிச்ச கை சார் இது. ஏமாத்த முடியாது.”

வெயில் மேசை மேசையாக நகர்ந்து, அந்தப் பெரிய சாப்பாட்டுக் கூடத்தின் எதிர்ச்சுவரில் போய் ஏறிக்கொண்டது. கோப்பையில் டீ அலுங்கவில்லை.

டிரைவர் வாயைப் பிளந்தார். இந்தக் கப்பலில் ஏறி மூன்று நாளாகப் பிளந்த வாய்தான். நீச்சல் குளம், சினிமாக் கொட்டகை, நடுவில் நிஜ மரங்கள், நாலாயிரம் பேர்! முதல் நாள் வழி தெரியாமல் அடுத்தவர் அறைக் கதவில் சாவி அட்டையைத் தேய்த்துத் திட்டு வாங்கியிருந்தார். அப்படி ஒரு ஊரே சத்தமில்லாமல் திரும்புகிறது.

மனைவி வந்து உட்கார்ந்தாள். தலைமுடி கலைந்து கிடந்தது.

“எங்கேடி போனே? டீ ஆறிப்போச்சு.”

“மேல் தட்டுல நின்னேங்க. காத்து.”

ஒலிபெருக்கி கரகரத்தது. கேப்டன் பேசினார். பின்னால் ஒரு சின்னப் படகு தத்தளிப்பதாகப் பயணி ஒருவர் பார்த்துச் சொல்லியிருக்கிறார். உதவப் போகிறோம். படகில் இருப்பவர்களை வேறு துறைமுகத்தில் மருத்துவமனையில் சேர்க்க வேண்டியிருக்கும். ஆகவே இன்று மதியம் நிற்கவேண்டிய துறைமுகத்தில் கப்பல் நிற்காது. மன்னிக்கவும்.

டிரைவருக்கு முகம் செத்துப்போனது.

அந்தத் துறைமுகத்துக்காகத்தான் அவர் கப்பலே ஏறினார். மகள் அங்கே நர்ஸ். நாலு வருஷமாக வீட்டுக்கு வர வழியில்லை. பேத்திக்கு ஐந்து மாதம். போனில் பார்த்ததோடு சரி. மதியம் இரண்டிலிருந்து எட்டு வரை ஆறு மணி நேரம். லீவு போட்டுவிட்டுக் குழந்தையோடு கரையிலேயே நிற்கிறேன் என்று சொல்லியிருந்தாள்.

“எவன் சார் அந்தப் பயணி? கடலைப் பார்த்தோமா, டீயைக் குடிச்சோமான்னு இல்லாம!”

“வேலையத்தவனா இருப்பான்,” என்றார் தொப்பிக்காரர். “நானும் அங்க கடைகடையா ஏறி இறங்கலாம்னு இருந்தேன்.”

“ஆள் மட்டும் கையில கிடைக்கட்டும். நாக்கைப் பிடுங்கிக்கிற மாதிரி நாலு கேள்வி கேட்கிறேன்.”

மனைவி ரொட்டியில் வெண்ணெய் தடவிக்கொண்டிருந்தாள். தடவிய இடத்திலேயே திரும்பத் திரும்ப.

“ஏண்டி, காதுல விழுந்துச்சா? பொண்ணைப் பார்க்க முடியாது!”

“விழுந்துச்சுங்க.”

“நேத்துப் பூரா பெட்டியைத் திறந்து குழந்தை சட்டையை மடிச்சு மடிச்சு வச்சே. இப்ப குத்துக்கல்லாட்டம் உட்கார்ந்திருக்கே. பெத்தவதானா நீ?”

அவள் ரொட்டியைத் தட்டில் வைத்துவிட்டு ஜன்னல் பக்கம் திரும்பினாள்.

ஒரு மணி நேரத்தில் கப்பல் நின்றது. எல்லோரும் மேல் தட்டுக்கு ஓடினார்கள். டிரைவரும் போனார், அந்தப் படகையாவது பார்த்துத் திட்டித் தீர்க்கலாம் என்று.

முதலில் ஒன்றும் புலப்படவில்லை. எங்கு பார்த்தாலும் தண்ணீர். தொப்பிக்காரர் விரலை நீட்டிய பிறகுதான் அந்தக் கரும்புள்ளி கண்ணில் பட்டது. மூன்று பேர். இரண்டு பேர் கிடந்தார்கள். ஒருவன் மட்டும் எழுந்து நின்றான்.

கப்பலின் வயிற்றிலிருந்து ஓர் ஆரஞ்சுப் படகு இறங்கிப் போனது. நாலாயிரம் பேரிடம் மூச்சுச் சத்தம் இல்லை. நின்றவன் அந்த மலையளவு வெள்ளைச் சுவரை அண்ணாந்து பார்த்து இரண்டு கையையும் தூக்கினான். தூக்கிய கையை இறக்கவே இல்லை.

டிரைவர் அந்தக் கைகளையே பார்த்தார். எத்தனை பேர் அவர் பஸ்ஸுக்குப் பின்னால் ஓடி வந்திருக்கிறார்கள்! கண்ணாடியில் சின்னதாகிச் சின்னதாகி மறைந்து போனவர்கள். நேரமாச்சு என்று அவர் மிதித்துக்கொண்டே போயிருக்கிறார். இங்கே ஓர் ஊரே திரும்பி வந்து மூன்று உயிருக்காக நிற்கிறது.

ஆனாலும் மனசு ஒரு பக்கம் குமைந்தது.

“நல்ல காரியம்தான், இல்லேங்கல. நம்ம பொண்ணு வந்து நிக்கிற நாளாப் பார்த்தா இது வரணும்? உனக்கென்னடி, வேடிக்கை பார்க்கிறே!”

மனைவி கம்பியை இறுகப் பிடித்திருந்தாள். கண் அந்தப் படகை விட்டு அகலவில்லை.

வெள்ளைச் சீருடையில் ஒரு பெண் அதிகாரி கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்தாள். நேராக வந்து மனைவியின் கையைப் பிடித்தாள்.

“மூணு பேருக்கும் உயிர் இருக்கும்மா. முதல்ல உங்ககிட்ட சொல்லச் சொன்னார் கேப்டன்.”

“இவகிட்ட எதுக்கு?” என்றார் டிரைவர்.

“இவங்க சொல்லித்தானே சார் திரும்பினோம்! நாங்க தொலைநோக்கியில ரெண்டு தடவை பார்த்துட்டு, வெறும் அலைதான்னு சொல்லிட்டோம். இவங்க என் கையை விடவே இல்ல. ‘திருப்பினா இன்னைக்குத் துறைமுகம் போயிடும்மா, அங்க எத்தனையோ பேர் காத்திருப்பாங்க’ன்னேன். ‘அதுல ஒருத்தி என் பொண்ணு. அவகிட்ட நான் சொல்லிக்கிறேன், நீங்க திருப்புங்க’ன்னுட்டாங்க.”