நாளைத் தேதி

எங்கள் ஊர் வானியல் சங்கத்தில் நோரீனின் தொலைநோக்கி மட்டும் எந்த நட்சத்திரத்தையும் ஒழுங்காகப் பின்தொடராது. அவளைக் கேலி செய்யாத ஆளில்லை. அவள் நாய் பிக்கிள் காணாமல் போன நான்காம் நாள், மனம் மாறட்டுமென்று நான்தான் அவளைத் தொலைநோக்கியோடு கிரிக்கெட் மைதானத்துக்கு இழுத்து வந்தேன்.

பொழுது சாய்ந்ததும், கேட்ட நட்சத்திரத்தை நோக்கித் தானே திரும்பும் அந்தக் கருவியில் தேதி, நேரம் பதிந்தாள். சிரியஸும் அகத்திய நட்சத்திரமும் முதல் தடவையே நட்டநடுவில் வந்து நின்றன. அடுத்து வியாழன் கோளைக் கேட்டாள். குழாய் கீழே இறங்கி, இரண்டு கிலோமீட்டர் தள்ளி விளக்கெரிந்துகொண்டிருந்த கோதுமைக் கிடங்கைப் பார்த்து நின்றது.

குனிந்து பார்த்தவள், "மெர்வ், பிக்கிள் அங்க உக்காந்திருக்கான்" என்றாள்.

நானும் பார்த்தேன். லென்ஸில் தலைகீழாக, அவனேதான்.

"ஆனா நீ நாளைத் தேதியைத்தானே அடிச்சிருக்கே, மக்கு" என்றேன்.

காரில் விரைந்தோம். கிடங்கடியில் இரண்டு கங்காருக்கள்தான் நின்றன.

மறுநாள் அதே நேரத்துக்கு எலும்போடு கிடங்குக்குப் போய்க் காத்திருந்தோம். வயலுக்குள்ளிருந்து பிக்கிள் புழுதியும் முள்ளுமாக வந்தான்.

"ஊர் சுத்திட்டு வந்தாச்சா, துரை?" நோரீன் அழுதுகொண்டே சிரித்தாள்.

அவன் எலும்பைத் தொடவில்லை. நேற்று நாங்கள் அவனைப் பார்த்த, இன்று ஆளில்லாத மைதானத்தின் பக்கம் திரும்பி உட்கார்ந்து, வாலை ஆட்டிக்கொண்டே இருந்தான்.