டயருக்கு வைத்த கல்

டிக்கோயாவில் அம்ஜத் முதலாளியின் பழைய கார் கல்யாணங்களுக்கு ஓடுகிறது. அதன் டயர்களின் வெள்ளை வளையத்தைத் தேய்த்துக் கழுவுவது என் வேலை. சரிவில் நிறுத்தும்போது என் மனைவி சர்மிளா டயருக்குக் கல் வைப்பாள். அன்று கல் மறைத்த இடத்தைத் தேய்க்க நான்தான் அதை எடுத்தேன். கார் உருண்டது. கீழே துணி அலசிக்கொண்டிருந்தவள் எழவேயில்லை.

"அவ கல்லு வைக்க மறந்துட்டா" என்று எல்லோரிடமும் சொன்னேன். கல்லை ஆற்றில் எறிந்தேன்.

இப்போது சமதரையில்தான் கழுவுகிறேன். ஆனாலும் தினமும் காலையில் அதே கல் டயருக்குப் பின்னால் ஈரமாக இருக்கிறது.

"விஜி, சமதரைக்கும் கல்லு வைக்கிறீங்க. இந்தக் கவனம் அன்னைக்கு அவங்களுக்கு இருந்திருக்கணும்" என்றார் முதலாளி.

நான் குந்தி, வெள்ளையைத் தேய்த்தேன். பின்னால் நகரப் பார்த்தேன். முடியவில்லை. என் குதிகாலுக்கு முட்டுக்கொடுத்து அந்தக் கல் இருந்தது.